துரு போகட்டும், தழும்பு இருக்கட்டும்: பழைய பட்டறைகள் பற்றி வாசகர் கேள்விகள்

அப்பாவோ தாத்தாவோ விட்டுச் சென்ற பட்டறையை என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பல கடிதங்களில் ஒரே தவிப்புதான்: சுத்தம் செய்தால் அவர் கைபட்ட அடையாளம் போய்விடுமோ, செய்யாவிட்டால் கருவியே போய்விடுமோ? எங்கள் கணக்கு எளிது. வெட்டும் வாய் தேய்வதற்கென்றே இருப்பது, அதைப் புதுப்பிக்கலாம். பிடி தேய்ந்தது மட்டும் அந்த மனிதரின் கையால். அதில் உப்புத்தாள் படக்கூடாது.

கேள்வி: அப்பா தச்சு வேலை செய்தவர். இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பட்டறையை இடித்துவிட்டு வீடு கட்டப்போகிறோம். சாமான்களை எந்த வரிசையில் எடுப்பது? (வாசகர், தென்காசி)

முதல் நாள் எதையும் எடுக்காதீர்கள். வாசலில் நின்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு சுவரையும் முழுதாக ஒரு படம், பிறகு ஒவ்வொரு ஆணி, ஒவ்வொரு தட்டு என்று அருகில் போய் ஒரு படம். படத்துக்குள் ஓர் அடிக்கோல் இருக்கட்டும். அளவு பின்னால் தெரியும். எந்த உளி எந்த ஆணியில் தொங்கியது என்பது வெறும் இடக்கணக்கு அல்ல. பெஞ்சில் நின்றபடி கை எட்டும் இடத்தில் இருப்பவை அன்றாடம் புழங்கியவை. பரணில் துணி சுற்றி இருப்பது நல்ல வேலைக்கென்று ஒதுக்கியதாக இருக்கும், அல்லது அவருக்கு முந்தைய தலைமுறையுடையதாக இருக்கும். கலைத்துவிட்டால் இந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

அடுத்து, கெட்டி அட்டைத் துண்டில் பென்சிலால் எண் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். பால்பாயின்ட் மை மங்கும், ரப்பர் பேண்டு இளகிப்போய் ஒட்டிக்கொள்ளும், செலோடேப் கறை விடும். ஒரு நோட்டில் எண், வீட்டில் வழங்கிய பெயர், இருந்த இடம், கண்ட குறிகள், இதைச் சொன்னவர் யார் என்று ஐந்து கட்டம் போதும். அப்பாவோடு வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் ஒருமுறை வரவழையுங்கள். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு முடிந்துவிடும். கருவியைக் கையில் கொடுத்து "இதை எதுக்கு வச்சிருந்தார்?" என்று கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். பிடித்துக் காட்டும்போது பேச்சு தானாக வரும்.

இடிக்கிற வேலையில் முதலில் விறகாகப் போவது மாதிரிக் கட்டைகள். நாற்காலிக் கால், ஜன்னல் வளைவு, கட்டில் தலைமாட்டுக்காக ஒட்டுப்பலகையிலோ தகரத்திலோ வெட்டி வைத்த அச்சுகள் அவை. பார்வைக்குக் குப்பை. ஆனால் அப்பா செய்த சாமான்களின் வடிவம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. கதவின் உள்பக்கமும் சுவரும் பென்சில் கணக்குகளால் நிறைந்திருக்கும். சுவரைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுங்கள், கதவுப் பலகையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது வெட்டும் வாய்க்கு மட்டும் அட்டை சுற்றினால் போதும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் கோணிச் சாக்கும், உள்ளே வேர்க்கும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம். இழைப்புளியின் அலகை உள்ளே இழுத்து ஆப்பை லேசாகத் தளர்த்தி அதனுடனேயே வையுங்கள். ஆப்பு மாறிப்போனால் அது வேறு இழைப்புளியில் சரியாக உட்காராது.

கேள்வி: துருவை எடுக்க ஒருவர் வினிகர் என்கிறார், இன்னொருவர் ஆசிட் என்கிறார். எது சரி? (வாசகி, நாகப்பட்டினம்)

ஆசிட் வேண்டவே வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிட் துருவோடு எஃகையும் தின்னும், அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

மேலோட்டமான துரு என்றால் மண்ணெண்ணெய் தொட்டு 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் போதும். தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விளிம்பும் எழுத்தும் மழுங்கும்.

ஆழமான துருவுக்குக் கடை வினிகர் சரி. மரப்பிடி நனையாமல் இரும்பை மட்டும் மூழ்க வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்தில் விட்டுவிடும். இரண்டு நாள் மறந்துபோனால் மேற்பரப்பு அரித்துச் சாம்பல் நிறமாகிவிடும். எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் அலசி, பின் வெந்நீர் ஊற்றித் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். இந்தக் கடைசிப் படி தவறினால் உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சள் படலம் வந்துவிடும்.

எழுத்துப் பொறித்த பொருளுக்கு மின்சார முறை நல்லது. நல்ல இரும்பை அது தொடாது. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை கருவிக்கு, நேர்முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முனையை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் கருவி கரையும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைப் போடாதீர்கள், அதிலிருந்து குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குமிழ்களாக வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம். புதிய தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இணைத்திருந்தால்தான் ஓடும். "ஒண்ணுமே நடக்கலை" என்று எழுதுபவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு பூச, தையல் மெஷின் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும், குளிரில் உறையும். டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டும். ஆனால் அது விடும் படலம் மெல்லியது, மழைக்காலம் தாங்காது.

கேள்வி: தாத்தாவின் கொல்லுப்பட்டறையில் இருந்த பட்டடைக்கல்லின் பக்கத்தில் 1, 2, 10 என்று இடைவெளி விட்டு மூன்று எண்கள். ஏதாவது தேதியா? (வாசகர், திண்டுக்கல்)

எடை. ஆங்கிலேயப் பட்டடைகளில் முதல் எண் ஹண்டிரட்வெயிட் (112 பவுண்டு), நடு எண் அதன் கால்பங்கு (28 பவுண்டு), கடைசி எண் மீதிப் பவுண்டு. உங்களுடையது 112 + 56 + 10 = 178 பவுண்டு; கிட்டத்தட்ட 81 கிலோ. நடு எண் 3-க்கு மேல் போகாது. இதுதான் எண்ணின் வகையைக் கண்டுபிடிக்கும் வழி.

மேற்பரப்பு குழியும் மேடுமாக இருக்கிறதே என்று கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். பல பட்டடைகளில் தேனிரும்பு உடம்பின் மேல் கடினமான எஃகுத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது மெலியும். ஓர் அங்குல பேரிங் குண்டைப் பத்து அங்குல உயரத்திலிருந்து பல இடங்களில் விட்டுப் பாருங்கள். ஏழெட்டு அங்குலம் துள்ளினால் தகடு நலம். ஓரிடத்தில் மட்டும் சோர்ந்து விழுந்தால் அங்கே அடியில் விட்டிருக்கிறது.

கேள்வி: ரம்பத்தின் பிடியில் பித்தளை வில்லை, அதில் "வாரன்டட் சுப்பீரியர்" என்று ஆங்கிலம். உளியில் "கேஸ்ட் ஸ்டீல்". விலை மதிப்பு உண்டா? (வாசகர், கோவை)

முதலாவது கம்பெனிப் பெயர் அல்ல. பல தயாரிப்பாளர்கள் பொதுவாகப் போட்ட வில்லை அது. உண்மையான பெயர் அலகின் பக்கவாட்டில் மெல்லிய பொறிப்பாக இருக்கலாம். துருவை எடுக்கும் அவசரத்தில் பெரும்பாலும் அழிவது அதுதான். அலகின் நடுப்பகுதியில், கட்டையில் சுற்றிய 600-ஆம் நம்பர் தாளால், ஒரே திசையில் லேசாக இழுத்துக்கொண்டே பாருங்கள். எழுத்தின் நிழல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிலடெல்பியாவில் 1840-இல் தொடங்கிய டிஸ்டன் கம்பெனியின் ரம்பங்களில் வில்லையின் வடிவத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம். ஆகவே பூஜைப் பாத்திரம் மாதிரி அதைப் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது.

"கேஸ்ட் ஸ்டீல்" என்றால் வார்ப்பிரும்பு என்று நினைத்து எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குவளையில், உருக்கி எடுத்த எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் உருவாக்கிய முறை. (மூசையில் எஃகு உருக்குவது நம் கொடுமணல் பக்கம் அதற்கு எவ்வளவோ முன்பே நடந்தது, அது தனிக் கதை.) நல்ல கூர் பிடிக்கும், தாங்கும். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்தாக இருந்த கருவி. தாத்தா எந்த அரசுப் பட்டறையிலோ ராணுவக் கிடங்கிலோ வேலை பார்த்தார் என்ற கேள்விக்கு அது ஒரு நூல் முனை.

சந்தை விலையைக் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக வெட்டும் உளியின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் உளிகளைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். நுனி நீலமாகித் திரும்பி வந்தது. இப்போது கூர் நிற்கவில்லை. (வாசகர், மதுரை)

பதம் போய்விட்டது. மெஷின் சாணையில் அழுத்திப் பிடித்ததால் சூடேறி, நுனி நீலம் பாரிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. நீலம் என்றால் சுமார் 300 டிகிரி செல்சியஸ். கார்பன் எஃகு உளிக்கு வைக்கோல் நிறம், அதாவது 220–230 டிகிரிதான் உச்சம். நீலத்தைத் தேய்த்து மறைத்தால் நிறம்தான் போகும், உள்ளே மெத்தென்றுதான் இருக்கும். நிறம் மாறிய பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும்; மூன்று நான்கு மில்லிமீட்டர் போகலாம். திரும்பக் காய்ச்சித் தோய்ச்சல் போடுவது கடைசி வழி. பழைய உளி அதில் வளையவோ விரியவோ செய்யலாம்.

இனிமேல் கையால். வெட்டுச் சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரி. துளை வெட்டி அடிக்கும் தடித்த உளிக்கு 35 வரை போகலாம். கோணமானி வேண்டாம்: சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் கூட இருந்தால் 25, இரண்டு மடங்கு என்றால் 30. முதலில் உளியின் முதுகைக் கவனியுங்கள். நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் முழுத் தட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு தீட்டினாலும் கூர் வராத உளிகளில் பெரும்பாலும் இங்கேதான் குறை. பிறகு சரிவைக் கல்லில் தேய்த்து, முதுகுப்பக்கம் விரல் வைத்தால் பிசிறு தட்டுப்படும் வரை போங்கள். நுனி முழுக்கப் பிசிறு வராமல் அடுத்த கல்லுக்குப் போனால் அந்த உழைப்பு வீண். கடைசியாகத் தோல்பட்டையில் பின்நோக்கி இழுத்துப் பிசிறை எடுங்கள்.

அப்பாவின் சாணைக்கல் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அதில் முதுகைத் தட்டையாக்க முடியாது. கண்ணாடிப் பலகையில் 80-ஆம் நம்பர் சிலிக்கான் கார்பைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் கல் சமமாகும்தான். ஆனால் அந்தப் பள்ளம் அவர் இத்தனை வருடம் கையை ஓட்டிய தடம். இருபக்கமும் பயன்படும் புதுக் கார்போரண்டம் கல் மலிவாகவே கிடைக்கிறது. பழையதை அதன் மரப்பெட்டியோடு விட்டுவிடுங்கள் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: சுத்தியல், வாய்ச்சிப் பிடிகள் ஆடுகின்றன. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகுமா? பிடிகளுக்கு வார்னிஷ் அடிக்கலாமா? (வாசகி, திருவாரூர்)

ஊறவைத்தால் அன்றைக்கு இறுகும். இரும்பு வளையத்துக்குள் உப்ப இடமில்லாமல் மரநார் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். பிடியை மேலாகப் பிடித்து அதன் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தலை தானாகப் பிடிமேல் ஏறும். பிறகு காய்ந்த மரத்தில் புது ஆப்பு வையுங்கள்.

வார்னிஷ் வேண்டாம். வியர்வைக் கையில் வழுக்கும், உரியும். டர்பன்டைன் தொட்ட துணியால் அழுக்கை மட்டும் எடுத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு விடும். கசங்கிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பிடியில் சிறு துளையும் அதிலிருந்து புதுப் பொடியும் உதிர்ந்தால் உளு இன்னும் உயிரோடிருக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒருநாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் இரும்பில் பனி வேர்க்கும்.

கேள்வி: ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தாத்தாவின் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். பொட்டு வைத்த இடத்திலேயே துரு. (வாசகர், ஈரோடு)

சந்தனத்தில் இருக்கும் ஈரம்தான். விடுமுறை முடியும் வரை அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவாமல் எண்ணெய்த் துணியால் துடையுங்கள், பொட்டை மரப்பிடியில் வையுங்கள், எலுமிச்சையை வெட்டி இரும்பின் மேல் வைக்காதீர்கள். சாறு பட்ட இடம் கறுத்துக் குழிவிழும். மறுநாள் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக மீண்டும் எண்ணெய்த் துணி. பிடியில் வருடக்கணக்காகப் படிந்த குங்குமக் கறையைச் சுரண்டாதீர்கள், அது மரத்தை ஒன்றும் செய்யாது.

கேள்வி: மாமனார் பொற்கொல்லர். பட்டறை மேசையில் பெயரில்லாத கண்ணாடிப் புட்டிகள் நிறைய. கழுவி வைக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். பொற்பட்டறையில் நைட்ரிக் அமிலம், பாதரசம், மெருகுக்கான சயனைடு எல்லாம் இருந்திருக்கலாம். சயனைடு உப்பு வெள்ளைக் கட்டியாகவோ பொடியாகவோ, வெங்காரம் போலவே இருக்கும். முகர்ந்து பார்ப்பதும், கழுவும் தொட்டியில் அடுத்தடுத்து ஊற்றுவதும் கூடாது. சயனைடோடு அமிலம் சேர்ந்தால் உயிர்க்கொல்லி வாயு வரும். குழந்தைகளை வெளியே அனுப்பி அறையைப் பூட்டி, தீயணைப்பு நிலையத்தையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தையோ கேளுங்கள். பாதரசம் சிந்தியிருந்தால் துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் அதைப் பரப்பத்தான் செய்யும்.

அதெல்லாம் அகன்ற பிறகு கருவிகள். ஊதுகுழல், கம்பித் தகடு, அச்சுக்கட்டைகள் இவற்றை உலர்ந்த தூரிகையால் மட்டும் துடையுங்கள், முகக்கவசத்தோடு. நகையைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடி பயன்பட்டிருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தராசுப் பெட்டியில் குன்றிமணி இருந்தால் பத்திரம். ஒரு தோலா (சுமார் 11.66 கிராம்) 96 குன்றிமணி, ஆக ஒன்று சுமார் 0.12 கிராம். தேய்ந்ததும் ஓட்டை விழுந்ததும் எடைக்கு உதவாது என்றாலும் பெட்டியை விட்டுப் பிரிக்காதீர்கள்.

காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் புரட்டுங்கள். 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றானபோது கைத்தொழில் செய்தவர்கள் பிழைப்பிழந்தார்கள். தங்கக் கட்டுப்பாடு 1968-இல் சட்டமாகி, 1990-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அந்த வருடங்களின் சான்றிதழ், கணக்கு நோட்டு, மனுவின் நகல் எது கிடைத்தாலும் அது குடும்ப வரலாற்றில் ஒரு பக்கம்.

கேள்வி: தாத்தாவின் மரக்கோலில் அங்குலக் கோடுகள் ஸ்கேலோடு ஒத்துவரவில்லை. தப்பாகக் கீறியதா? (வாசகர், கும்பகோணம்)

கோல் சரி, ஸ்கேல்தான் வேறு. மொத்த நீளத்தை மில்லிமீட்டரில் அளங்கள். 838 பக்கம் வந்தால் அது தச்சு முழக்கோல்: 33 ஆங்கில அங்குலம், 24 பங்கு. ஒரு பங்கு சுமார் 35 மில்லிமீட்டர். அதைத்தான் தச்சர் "அங்குலம்" என்பார். மரம் குறுக்கே சுருங்குமே தவிர நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். நூறு வருடக் கோலின் அளவையும் நம்பலாம். முனை மழுங்கியிருந்தால் நடுவில் பத்துப் பங்கை அளந்து பத்தால் வகுங்கள். பிறகு அந்தக் கோலோடு தாத்தா கட்டிய வீட்டுக்குப் போய் நிலைவாசல் உயரம், தூண் இடைவெளி, முற்றத்தின் அகலம் மூன்றையும் அளந்து பாருங்கள். அடிக்கணக்கில் பின்னமாக நிற்கும் அளவுகள் கோல் கணக்கில் முழு எண்ணாக வந்தால், எந்தக் கோலால் கட்டினார் என்பது உறுதி.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். கருவிகளைச் சமமாகப் பிரிக்க வேண்டும். தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். (வாசகி, திருச்சி)

எண்ணிக்கையில் சமமாக்காதீர்கள். உளி வரிசை ஒருவருக்கு, இழைப்புளிகள் அலகும் ஆப்பும் சேர்த்து ஒருவருக்கு என்று தொகுப்பாகவே போகட்டும். மரவேலை செய்பவர் ஒருவர் இருந்தால் வெட்டும் கருவிகள் அவருக்கு. மற்றவர்களுக்கு முழக்கோல், கருவிப்பெட்டி, மாதிரிக் கட்டைகள். நோட்டின் நகலும் படங்களும் நால்வருக்கும்.

தம்பிக்கு அனுப்புவதில் மூன்று கவனம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயது சந்தேகமாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்குங்கள். விமானத்தில் உளியும் ரம்பமும் கைப்பையில் ஏறாது, செக்-இன் பெட்டியில்தான். ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் மரப்பொருள் இருப்பதைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். பிடியில் உளுத்துளையோ மண்ணோ தென்பட்டால் அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்கள். ஃப்ரீசர் வேலையை இங்கேயே முடித்து அனுப்புங்கள்.